நிமிடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு

குவோபியோ மருத்துவமனையின் நிலவறையில்
பழைய தாள்களை ஸ்கேனருக்குத் தின்னக் கொடுப்பவள் நான்.
ஒரு நாளைக்கு நானூறு பக்கம்.
படிக்கக் கூடாது என்பது விதி.
படிக்காமல் எப்படி நேராக வைப்பது என்று
யாரும் சொல்லித்தரவில்லை.

நவம்பரில் ஒருவர் வந்தார்.
யார்க்கோ நீனிமாக்கி, பேருந்து ஓட்டுநர், நாற்பத்தேழு வயது.
பனி ஒட்டிய காலணியை வாசலில் கழற்றிவிட்டு
காலுறையோடு நின்று கேட்டார்:
பிறந்த மூன்றாம் நாள் எனக்கு வயிற்றைத் திறந்தார்களாம்,
தாள் இருக்கிறதா?
ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.
பல் மருத்துவர் விளக்கைத் தலைக்கு மேல் இழுக்கும்போதெல்லாம்
கை விறைத்துப்போகிறது.
வேறொன்றுமில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தாள் இருந்தது.
எழுபத்தாறு, பிப்ரவரி.
எடை இரண்டு கிலோ எழுநூறு. குடல் முறுக்கு.
தசை தளர்த்தும் மருந்து, இவ்வளவு.
ஆக்ஸிஜன், இவ்வளவு.
வலிநீக்கி என்ற கட்டத்தில்
ஒரு கோடு.
அளவுகோல் வைத்து இழுத்த, உறுத்தலில்லாத கோடு.

அன்றைய பாடம் அப்படி:
பச்சைக் குழந்தையின் நரம்புக்கு இன்னும் உறை வளரவில்லை,
வலி ஓட வழியில்லை.
சுளிப்பது அனிச்சை, அழுவது அனிச்சை,
மயக்க மருந்துதான் ஆபத்து.
குழந்தையின் குளியல்நீரை வீட்டில்
முழங்கை தொட்டுச் சூடு பார்த்தவர்கள்தாம்
காலையில் வந்து கத்தியைக் கேட்டார்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றொரு சொல் உண்டு.
இங்கே அழுவதற்கான தசையைத்தான்
முதலில் தளர்த்தினார்கள்.

அதே தாளின் கீழ்ப்பாதியில்
ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, பென்சிலில்.
நாடித் துடிப்பு.
நூற்று முப்பத்தெட்டு.
நூற்று நாற்பது.
கத்தி வைத்த நேரம், ஒன்பது நாற்பது:
நூற்றெண்பத்தாறு.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்று ஒன்பது.

வாய் கட்டப்பட்ட பிள்ளை
எண்ணால் கத்தியிருக்கிறது.
எண்ணை ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்கள்.

கீழே கையெழுத்து, டோர்ஸ்டென் ஏக்ஹோல்ம்.
எண்பத்தெட்டு வயதில், ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.
யார்க்கோ என்னையும் அழைத்தார்,
துணைக்கா சாட்சிக்கா தெரியவில்லை.
பேருந்தில் போனோம். ஓட்டியது வேறொருவர்;
ஒவ்வொரு வளைவிலும் யார்க்கோவின் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.

கிழவர் உருப்பெருக்கியைப் புள்ளிகளின் மேல் நகர்த்தினார்.
நூற்றெண்பத்தாறில் வெகுநேரம் நின்றார்.
"ஆவ்னெ குறித்தது. ஒவ்வொரு எண்ணையும்
சத்தமாகச் சொல்வாள்.
நான் நன்றி என்பேன்."

ஜன்னலுக்கு வெளியே ஏரி
ஓரத்திலிருந்து உறையத் தொடங்கியிருந்தது.

"பத்து வருடம் கழித்து ஓர் ஆய்வு வந்தது.
அன்றிரவு உட்கார்ந்து எண்ணினேன், எத்தனை பிள்ளைகள் என்று.
முந்நூறோடு நிறுத்திவிட்டேன்."

"இந்தக் கை விறைப்பது," என்று யார்க்கோ கேட்டார்,
"அதனால்தானா?"

ஆம், இல்லை என்றே பழகிய வாய்
திறந்து, மூடி, திறந்தது.
"தெரியாது."
இன்னொரு முறையும் சொன்னார், தெரியாது.
புதிய பல்செட்டைப் பழகுகிறவர்போல.

"நீங்கள் இல்லையென்றால் நான்காம் நாள் எனக்கு இல்லை,"
என்றார் யார்க்கோ.
நன்றியா கணக்கா, குரலில் பிரிக்க முடியவில்லை.
மூன்று பேரின் காப்பியும் ஆறியிருந்தது.
யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்று காலை நிலவறையில்
அவருடைய தாளையும் ஸ்கேனருக்குக் கொடுத்தேன்.
திரையில் ஒரு பெட்டி எழும்பியது:
212. வழக்கத்துக்கு மாறான மதிப்பு. நீக்கவா?

நாலு வருடமாக இந்தப் பெட்டி எனக்குப் பழக்கம்.
என் விரல் ஏற்கெனவே
'ஆம்' மேல் இருந்தது.